பாண்டில ஒரு எமர்ஜென்சி வார்டு, பையன் கை உடைஞ்சப்போ போனது, 4 ஸ்டார்

போன மாசம் கடலூர் மஞ்சகுப்பம் கிரவுண்டுல சைக்கிள் விட்டு விழுந்துட்டான் என் பையன், 9 வயசு, முன்கை ரெண்டு எலும்பும் உடைஞ்சு கை வில்லு மாதிரி வளைஞ்சு நிக்குது. பக்கத்து வீட்டு அக்கா புத்தூர் கட்டு போட்டுக்கலாம்னாங்க, எனக்கு மனசு ஒப்பல, ஒரு துண்டுல கைய கட்டி கார்ல போட்டு பாண்டிக்கு வந்துட்டோம். ரெட்டிச்சாவடி தாண்டி ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அவன் கத்துனது இன்னும் காதுலயே இருக்கு.

மயக்கம் குடுத்து எலும்ப இழுத்து நேராக்கணும்னாங்க. மயக்கம்னு கேட்டதும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு. ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு ஆஸ்பத்திரில எங்கம்மாவுக்கு தோள் எறங்கினப்போ தூங்க வைக்கிற மிடசோலமும் வலிக்கு ஃபென்டனிலும் அடுத்தடுத்து போட்டாங்க, தோள் டக்குனு உள்ள போச்சு, எல்லாரும் கைய கழுவப் போயிட்டாங்க, அம்மா ஒரு தடவ பெருசா கொறட்ட விட்டு அப்புறம் சத்தமே இல்ல. நான் கத்தினப்புறம்தான் நர்ஸ் ஓடியாந்து முகத்துல மாஸ்க்க வச்சு அமுக்கி மூச்சு குடுத்தாங்க. வலி இருக்கறவரைக்கும் அந்த வலியே ஆள முழிக்க வைக்குமாம், தோள் ஏறி வலி போனதும் மருந்து மட்டும் உடம்புல மிஞ்சி ஆள ஆழத்துக்கு இழுத்துடுமாம், இத இந்த பாண்டி டாக்டர்தான் எனக்கு வெளக்குனாரு.

அவர் குடுத்தது கெட்டமினும் புரோபோஃபாலும். கெட்டமின் வலிய மறக்கடிக்கும், மூச்ச அவ்வளவா கொறைக்காது, பிரஷர கொஞ்சம் ஏத்தும், ஆனா வாந்தி வரலாம், எந்திரிக்கும்போது பயந்து ஒளறலாம். புரோபோஃபால் பால் மாதிரி வெள்ளையா இருக்கு, சட்டுனு தூங்க வச்சு சட்டுனு எழுப்பும், வாந்தியையும் கொறைக்கும், ஆனா வலிக்கு ஒண்ணும் பண்ணாது, மூச்சையும் பிரஷரையும் எறக்கிடும். அதான் ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம், 28 கிலோ பையனுக்கு 14 மில்லிகிராம் இது, 14 மில்லிகிராம் அது. சேத்து குடுத்தா மூச்சு பிரச்சனையே வராதுன்னு நெனைக்காதீங்கம்மான்னும் அவரே சொன்னாரு. மிடசோலமுக்கும் ஃபென்டனிலுக்கும் மருந்தோட வேகத்த முறிக்கிற மாத்து ஊசி இருக்கு, இந்த ரெண்டுக்கும் கெடயாது, அதனால தலைமாட்டுல ஒரு டாக்டர் மூச்ச மட்டுமே பாத்துட்டு நிப்பாரு, எலும்ப தொடறவர் வேற ஆளுன்னாரு.

நின்னாங்க, அதான் எனக்கு பெரிய விஷயம். மூக்குல ஆக்சிஜன் குழாயோட வெளிவிடுற மூச்ச அளக்குற இன்னொரு குழாய், திரைல ஒவ்வொரு மூச்சுக்கும் மேடு மேடா கோடு போச்சு. ஆக்சிஜன் ஓடிட்டு இருக்கும்போது மூச்சு நின்னாலும் விரல்ல மாட்டுற கிளிப்புல நம்பர் எறங்க நேரமாகும், இந்த கோடு ஒடனே படுத்துடுமாம். பையன் கண்ணு தொறந்தே இருந்துச்சு, கருவிழி ரெண்டும் பக்கவாட்டுல ஊசலாடுது, பாக்க பயமாதான் இருந்துச்சு, ஆனா முன்னாடியே இப்படி இருக்கும்னு சொல்லி வச்சிருந்தாங்க. ஊசிக்கு முன்னாடி நர்ஸக்கா அவன்கிட்ட உனக்கு புடிச்சது ஒண்ண நெனச்சுக்கோன்னாங்க, தேவனாம்பட்டினம் பீச்சுல பட்டம்னான். முழிச்சதும் மொதல் வார்த்த, "அம்மா நூல விட்டுட்டியா?"

மாவுக்கட்டு போட்டும் ஒடனே அனுப்பல, நல்லா தெளிஞ்சு பேரு சொல்லி தண்ணி குடிச்சு நடந்து காட்டினப்புறம்தான் விட்டாங்க. எக்ஸ்ரேக்கு ரொம்ப நேரம் உக்கார வச்சாங்க, கேண்டீன் டீ சுமார்.

ஒரு ஸ்டார் கொறச்சது சம்மத ஃபாரத்துக்கு. நாலு பக்கமும் இங்கிலீஷ், கை நடுங்கிட்டு நிக்கறப்போ எங்க கையெழுத்து போடணும்னு மட்டும்தான் தெரிஞ்சுது. டாக்டர் வாயால சொன்னத அப்படியே தமிழ்ல அடிச்சு வைங்க சார்.