மட்டக்களப்பு வாழ்க்கையும் கொழும்பு ரயிலும்: ஒரு கோயம்புத்தூர்க்காரனின் சில வருட அனுபவம்

மட்டக்களப்பில் வெளிநாட்டுக்காரனாக இருப்பது பெரிய கஷ்டமே இல்லை. கஷ்டம் எல்லாம் கொழும்புக்குப் போய் வருவதில்தான் இருக்கிறது. ஊரிலிருந்து வேலைக்கு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

என் வேலை அரிசி ஆலைகளில். கறுப்பரிசி, கல், நிறம் மாறிய அரிசி எல்லாவற்றையும் கேமரா பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர் இயந்திரம் இருக்கிறதே, அதைப் பொருத்துவது, பழுது பார்ப்பது. கோயம்புத்தூரில் கற்ற தொழில். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டமும் நெல் விளையும் பூமி என்பதால் வேலைக்குப் பஞ்சம் இல்லை, அதுவும் பெரும்போக (மழைக்கால நெல்) அறுவடை முடிந்து பிப்ரவரி, மார்ச்சில் நெல் வந்து குவியும்போது சாப்பிடவே நேரம் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில்தான் விசா முடியும் தேதியும் வந்து நிற்கும், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று தெரியவில்லை.

வேலைக்கு வருகிறவர்களுக்கு வதிவிட விசா. வழக்கமாக ஒரு வருடத்துக்குத் தருவார்கள், முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். அதற்கான தலைமை அலுவலகம் கொழும்பை ஒட்டிய பத்தரமுல்லையில். இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் வந்து இறங்குவது கொழும்பில். சென்னைக்கு விமானம் ஏறுவது கட்டுநாயக்கவில். ஆகவே ரயில் பிடிக்குமா பிடிக்காதா என்ற கேள்விக்கே இடமில்லை, பழகித்தான் ஆக வேண்டும்.

பாதை சுமார் 350 கிலோமீட்டர். கோவையிலிருந்து சென்னை அதைவிட நூற்றைம்பது கிலோமீட்டர் அதிகம், அதை ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துவிடுவோம். இங்கே எட்டு, ஒன்பது மணி நேரம் சாதாரணம், அதற்கு மேல் போனாலும் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். மாகோ சந்தியில் யாழ்ப்பாணப் பாதையிலிருந்து பிரிந்து, கல்ஓயாவில் திருகோணமலைப் பாதையை விட்டுவிட்டு, பொலன்னறுவை, மனம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று வந்து மட்டக்களப்பில் முடிகிறது. ஒற்றைத் தண்டவாளம், டீசல் வண்டி. எதிரே வரும் வண்டிக்காக ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் அரை மணி நேரம் நிற்பதெல்லாம் இந்தப் பாதையில் வழக்கம்தான்.

அப்படி நிற்கும்போது முன்பக்கப் பெட்டியில் இருந்தால் ஒன்றைப் பார்க்கலாம். நிலையத்து ஊழியர் ஒருவர் கழுத்தில் மாட்டும் அளவுக்குப் பெரிய வளையம் ஒன்றோடு வருவார், அதில் ஒரு சின்னத் தோல் பை தொங்கும், பைக்குள் ஒரு வட்டத் தகடு. அந்தத் தகடு கையில் வந்தால்தான் அடுத்த நிலையம் வரைக்கும் போக டிரைவருக்கு உரிமை. ஒரு துண்டுப் பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு தகடுதான் வெளியே வரும் என்பதால் இரண்டு வண்டி எதிரெதிரே வர வழியில்லை. சில இடங்களில் வண்டி நிற்காமலேயே மெதுவாக ஓட, ஒரு வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றைக் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். இயந்திரக்காரனான எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காத காட்சி இது. தண்டவாள அகலமும் நம் ஊர் அகலம்தான், ஐந்தடி ஆறங்குலம். இந்த நாட்டில் ஓடும் எஸ் 13 ரக வண்டிகள் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்தவை, கேட்டால் பக்கத்து சீட்டுக்காரர் நம்பமாட்டார்.

சரி, எந்த வண்டி? பகலில் உதயதேவி. இரவில் மீனகயா. முதலில் எல்லோரும் இரவு வண்டியைத்தான் தேர்வு செய்வார்கள், தூங்கிக்கொண்டே போய்விடலாம், ஒரு நாள் வேலை மிச்சம் என்று. ஆனால் நம் ஊர் ஸ்லீப்பர் வகுப்பை நினைத்துக்கொண்டு ஏறாதீர்கள். மூன்றாம் வகுப்பில் படுக்கை கிடையாது, உட்கார்ந்தபடிதான் தூக்கம், விடிந்து இறங்கும்போது கழுத்து திரும்பாது. அந்தக் கழுத்தோடு பத்தரமுல்லை வரிசையில் நிற்க வேண்டும். ஒரு இரவு வண்டியில் கழிவறைக் கதவு மூடாமல் ஆடிக்கொண்டே வந்ததும், விளக்கு முழு இரவும் முகத்துக்கு நேரே எரிந்ததும் நினைவிருக்கிறது. என் ஓட்டு பகல் வண்டிக்குத்தான்.

இரவில் இன்னொரு விஷயம் யானை. கல்ஓயா, மின்னேரியா தொடங்கி வெலிக்கந்தை, புனானை வரை காட்டு யானை தண்டவாளத்தைக் கடக்கும் பகுதி. 2025 பிப்ரவரியில் மின்னேரியாவுக்கும் கல்ஓயாவுக்கும் இடையில் கொழும்பு போன மீனகயா யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது, ஆறு யானைகள் செத்தன, பயணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு வண்டி நேரங்களை மாற்றினார்கள், அந்தப் பகுதியில் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். ஆகவே இருட்டில் வண்டி ஊர்ந்து போனால் எரிச்சல்படாதீர்கள். பழைய நேர அட்டவணையை எங்கேயாவது பார்த்துவிட்டுக் கிளம்பாமல், நிலையத்தில் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

டிக்கெட்டுக்கு வருவோம். இந்தப் பாதையின் சாதாரண வண்டிகளில் வெளிநாட்டவருக்கு என்று தனிக் கட்டணம் இல்லை. சிகிரியா பாறைக் கோட்டையில் ஏறிப் பார்க்கப் போனவர்களுக்குத்தான் அந்தத் தனிக் கட்டணத்தின் வலி தெரியும். முப்பது நாளுக்கு முன்பே இருக்கை பதிவு செய்யலாம். உள்ளூர்க்காரர் அடையாள அட்டை எண் கொடுக்கும் இடத்தில் நாம் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்க வேண்டும், பயணத்திலும் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். நான் அதை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுத்தான் கொண்டு போவேன், ஏனென்றால் நவம்பர் மழையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மடியில் தண்ணீர் தேங்கும். பதிவு செய்யாமல் கொழும்பில் ஏறினால் வாழைச்சேனை வரைக்கும் கூட உட்கார இடம் கிடைக்காத நாட்கள் உண்டு.

வண்டிக்குள் சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இறால் வடை, அவித்த சோளம், கச்சான் (நம் ஊர் வேர்க்கடலை), மிளகாய்த்தூள் தூவிய மாங்காய் என்று ஒருவர் போனால் அடுத்தவர் வருவார். ஏறாவூரில் ஏறும் ஒரு அம்மா "எங்க மனே போற, கொழும்புக்கா? சாப்பிட்டயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பொட்டலத்தைப் பிரித்துப் பாதி ரொட்டியை நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அது இந்தப் பக்கம் எடுபடாது. பொலன்னறுவை தாண்டினால் பெட்டி முழுக்கச் சிங்களம். எண்களும், இது என் இருக்கை, எந்த நிலையம் வருகிறது போன்ற நாலைந்து வாக்கியங்களும் கற்றுக்கொண்டால் போதும், மற்றதைச் சிரித்தே சமாளிக்கலாம்.

அம்பாறை மாவட்டத்தில் வேலை என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே ரயிலே கிடையாது. தண்டவாளம் மட்டக்களப்போடு சரி. கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் பஸ்தான். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கொழும்புக்கு நேராக இரவு பஸ் பிடிக்கிறார்கள். சம்மாந்துறையில் ஆலை வைத்திருக்கும் ஒரு நானா, "நீங்க ஏன் தம்பி அந்தக் கோச்சில கிடந்து சாகிறீங்க" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்கு பஸ்ஸில் முழங்கால் மடங்காது, அவ்வளவுதான் காரணம்.

மற்றபடி அன்றாட வாழ்க்கை. ஊரிலிருந்து கொண்டு வரும் சார்ஜர், மிக்ஸி எதுவும் புது வீடுகளில் நேராகப் பொருந்தாது, இங்கே சதுரக் கால் பிளக், இரண்டு மூன்று அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய யு.பி.ஐ. 2024 பிப்ரவரியில் இலங்கைக்கும் வந்துவிட்டது, ஆனால் மட்டக்களப்பு மீன் சந்தையில் அதை நீட்டாதீர்கள், கைக்காசுதான். வங்கிக் கணக்கை மட்டும் வந்த உடனே தொடங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்; ஒரு வங்கியில் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு காகிதம் குறைகிறது என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள், வதிவிட விசா முத்திரை பாஸ்போர்ட்டில் விழுந்த பிறகுதான் காரியம் நடந்தது.

மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் காற்று என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று, வாவிக்கரையில் இருந்தாலும் உடம்பு காய்ந்துவிடும். அப்போது சட்டியில் விற்கும் எருமைத் தயிரும் சோறும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம், இதில் நான் தஞ்சாவூர்க்காரனோடும் சண்டைக்குத் தயார். சாம்பாரை மட்டும் மறந்துவிடுங்கள், இங்கே தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிதான்.

ஊருக்குப் போகும்போது கொழும்புக் கோட்டை ரயில் நிலையம் வரை போகத் தேவையில்லை. நீங்கள் ஏறிய வண்டி கம்பஹாவிலோ ராகமவிலோ நின்றால் அங்கேயே இறங்கி கட்டுநாயக்கவுக்கு ஆட்டோ பிடியுங்கள், கொழும்பு நெரிசல் மிச்சம். ஆனால் ரயிலை நம்பி அதே நாள் விமானத்துக்கு டிக்கெட் போடாதீர்கள், முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் வருவது இங்கே புதிதல்ல. பௌர்ணமி தினம் ஒவ்வொரு மாதமும் அரசு விடுமுறை, அது வெள்ளிக்கிழமையோ திங்கட்கிழமையோ வந்தால் இருக்கைகள் பதிவு திறந்த உடனே போய்விடும். விசா அலுவலகமும் மூடியிருக்கும். காலண்டரைப் பார்த்துவிட்டு விசா தேதிக்கு ஒரு வாரம் முன்பாகவே டிக்கெட் போட்டுவிடுங்கள்.