எடை குறைத்த பின் தொங்கும் தோல்: ஆரோக்ய சஞ்சீவனி பாலிசி கைகொடுக்குமா?

ஐம்பது, அறுபது கிலோ குறைத்தவர்களுக்கு அடிவயிற்றில் தோல் மடிந்து தொங்குவது சாதாரணம். எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் அது சுருங்காது. மடிப்புக்குள் வியர்வை தங்கி, தோலோடு தோல் உரசி, புண்ணும் பூஞ்சைத் தொற்றும் மாறி மாறி வரும். அந்தத் தோலை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சைதான் பேனிகுலெக்டமி. "அதெல்லாம் அழகுக்குச் செய்வது, க்ளெய்ம் கிடைக்காது" என்று யாராவது சொன்னதை நம்பி, விண்ணப்பிக்காமலே கைக்காசைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாலிசி வாசகத்தைப் படித்தால் கதவு அவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கவில்லை.

ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொது வடிவ மருத்துவக் காப்பீட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், 2020 ஏப்ரல் முதல் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதன் வாசகம் ஒன்றுதான். பிரீமியம் மட்டுமே மாறும். இதன் மருத்துவமனைச் செலவுப் பிரிவில், நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் உண்டு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. விலக்குப் பட்டியலின் 8ஆம் குறியீடோ தோற்றத்தை மாற்றும் சிகிச்சையை மறுக்கிறது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் விதிவிலக்கு தருகிறது. அந்தத் தேவையைச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளிக்க வேண்டும். க்ளெய்ம் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு வரியில்தான்.

அதனால் வேலை பிளாஸ்டிக் சர்ஜனிடம் தொடங்குவதில்லை, தோல் மருத்துவரிடம் தொடங்குகிறது. மடிப்பில் புண் வரும் ஒவ்வொரு முறையும் போய்க் காட்டி, தேதியோடு மருந்துச் சீட்டு வாங்க வேண்டும். "பூஞ்சைத் தொற்று, க்ரீம்" என்று ஒற்றை வரி எழுதிய சீட்டு போதாது. எந்த மடிப்பு, எத்தனை நாளாக, என்ன மருந்து, குணமாகித் திரும்ப வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதத் தொடர் சிகிச்சை காகிதத்தில் தெரிவது நல்லது. நின்ற நிலையில் முன்னிருந்தும் பக்கவாட்டிலும் ஒவ்வொரு படம், மடிப்பைத் தூக்கிப் பிடித்து உள்ளே இருக்கும் புண் தெரிய ஒரு படம். இந்த மூன்றாவது படத்தைத்தான் பலர் எடுப்பதில்லை. பரிசீலிக்கும் மருத்துவர் பார்க்க விரும்புவதோ அதைத்தான்.

எடை ஆறு மாதமாவது நிலையாக இருக்கும் பதிவும் வேண்டும். இன்னும் குறைந்துகொண்டிருந்தால் வெட்டிய பிறகும் தோல் தளரும். அதோடு, இது உடல் பருமன் சிகிச்சை என்று சொல்லி, அதை விலக்கும் 6ஆம் குறியீட்டுக்கு நிறுவனம் தள்ளிவிடவும் வழி கிடைத்துவிடும். ஹீமோகுளோபின், அல்புமின், பி12 அளவுகளை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். பேரியாட்ரிக் அறுவை (எடை குறைக்க இரைப்பையில் செய்வது) செய்தவர்களுக்குப் புரதமும் இரும்பும் குறைவாக இருப்பதால் தையல் பிரிவது, நீர் கோப்பது போன்ற தொல்லைகள் கூடும்.

அடுத்தது சர்ஜன் எழுதும் பெயர். அப்டோமினோபிளாஸ்டி அல்லது "டம்மி டக்" என்று எழுதினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. அதில் வயிற்றுத் தசையை இறுக்கித் தொப்புளை இடம் மாற்றுவதும் சேரும். தொங்கும் தோலை மட்டும் அகற்றுவதென்றால் பேனிகுலெக்டமி என்று எழுதி, மடிப்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். மடிப்பின் இறக்கத்தை நிலைகளாகக் குறிப்பார்கள்: பிறப்புறுப்பை மூடினால் 2ஆம் நிலை, மேல்தொடைக்கு வந்தால் 3. செய்யாத ஒன்றை எழுதச் சொல்லக் கூடாது. ஆபரேஷன் குறிப்பில் வேறாக இருந்தால் மொத்த க்ளெய்மும் போய்விடும். குடலிறக்கமும் சேர்ந்திருந்தால் அதற்குத் தனி பில் கேளுங்கள், தோல் பகுதி மறுக்கப்பட்டாலும் அது தப்பும். குடலிறக்கத்துக்கு இந்த பாலிசியில் 24 மாதக் காத்திருப்பு உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு செய்த பேரியாட்ரிக் அறுவையை பாலிசி எடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். மறைத்தது தெரிந்தால் மற்ற காகிதங்கள் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயன் இல்லை.

கைத்தோல், தொடைத்தோலுக்கு இந்த வழி அநேகமாக எடுபடாது. தொற்றுக்கான ஆதாரம் வயிற்று மடிப்பு அளவுக்கு அங்கே சேர்வது அரிது.

பாலிசியின் பலவீனம் அறை வாடகை. காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிலும் நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. 8,000 ரூபாய் அறையில் தங்கினால் மிச்சம் 3,000ஐ மட்டும் கட்டினால் போதும் என்று நினைக்க வேண்டாம். மருந்து நீங்கலாக சர்ஜன், தியேட்டர், மயக்க மருத்துவர் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் வெட்டுப்படும். இப்படி வெட்டுப்படும் கட்டணம் 1,60,000 ரூபாய் என்றால் ஒரு லட்சம்தான் கணக்கில் ஏறும். அதிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கான 5 சதவீதம் கோ-பே போக 95,000. வடிகுழாயோடு சில நாள் தங்க நேரிடும் அறுவை இது, ஆகவே 5,000க்குள் அறை கிடைக்கும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது பேரம் பேசுவதைவிட லாபம்.

திட்டமிட்ட அறுவை என்பதால் 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும். மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே மாதச் சுற்றறிக்கை. அவசரமாக வரும் பதில் பல சமயம் மறுப்பாகத்தான் இருக்கும். கேஷ்லெஸ் மறுப்பு க்ளெய்ம் மறுப்பு ஆகாது. டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் காகிதங்களைக் கொடுத்துத் திரும்பக் கேட்கலாம்.

அதுவும் மறுக்கப்பட்டால், எந்த விதி எண்ணின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவில் 8ஆம் குறியீட்டின் விதிவிலக்கை அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே தோல் மருத்துவரின் சீட்டுகளைத் தேதி வரிசையில் இணையுங்கள்.