அசிஸ்ட் டாட் ஆர்க்: ஆலோசகருக்குக் காசு கட்டும் முன் திறந்து பார்க்க வேண்டிய தளம்

பெங்களூரில் பியூசி முடிக்கும் பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்ப யோசிக்கும் வீடுகளில் 'டூ பிளஸ் டூ' என்ற பேச்சு அடிபடுகிறது. கலிஃபோர்னியாவின் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டாண்டு அரசுக் கல்லூரியில், இரண்டு வருடம், பிறகு யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, அதாவது யூசி வளாகம் ஒன்றில் இரண்டு வருடம். இதைப் பேக்கேஜாகப் போட்டு விற்கும் ஆலோசனை மையங்கள் நகரில் நிறைய. அவர்கள் தரும் பாடப் பட்டியல் சரியா என்று வீட்டிலிருந்தே சரிபார்க்க ஒரு இடம் உண்டு: அசிஸ்ட் டாட் ஆர்க். கலிஃபோர்னியா அரசுக் கல்லூரிகளின் அதிகாரபூர்வத் தளம். கட்டணம் இல்லை, லாகின் இல்லை.

செய்ய வேண்டியது மூன்று தேர்வு. கல்வியாண்டு, நீங்கள் சேரப் போகும் கம்யூனிட்டி காலேஜ், பிறகு போக நினைக்கும் பல்கலைக்கழகம். அடுத்து மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தால் இரண்டு பத்தியாக ஒரு பக்கம் விரியும். இடது பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், வலது பக்கம் அதற்கு ஈடாகக் கம்யூனிட்டி காலேஜில் எடுக்க வேண்டிய பாடம். பிடிஎஃபாக இறக்கிக் கொள்ளலாம். சின்னத் திரையில் எந்தக் கோடு எந்தப் பாடத்தைச் சேர்த்துக் கட்டுகிறது என்பது புரியாது. லேப்டாப்பில் பாருங்கள்.

அந்தப் பக்கத்தைப் படிப்பதில்தான் சூட்சுமம். வலது பக்கம் இரண்டு பாடங்களுக்கு நடுவே 'ஆண்ட்' என்றிருந்தால் இரண்டையும் முடித்தால்தான் இடது பக்கப் பாடம் கணக்கில் சேரும். 'ஆர்' என்றால் ஒன்று போதும். இயற்பியல், கால்குலஸ் போன்ற தொடர் பாடங்களில் பெரும்பாலும் 'ஆண்ட்' வரும். பாதித் தொடரை ஒரு கல்லூரியிலும் மீதியை வேறொன்றிலும் எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு தொடரைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடிப்பது நல்லது. 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று வந்தால் அந்தக் கல்லூரியில் ஈடான பாடமே இல்லை என்று பொருள். உங்கள் மேஜருக்கு அப்படி இரண்டு மூன்று வரிகள் வந்தால் விண்ணப்பம் போடும் முன்பே வேறு கல்லூரியைப் பாருங்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டு அசிஸ்டைத் திறப்பது வரிசையைத் தலைகீழாக்குவது.

ஆண்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். பாடத்தை எந்தக் கல்வியாண்டில் எடுக்கிறீர்களோ அந்த ஆண்டின் பாட ஈட்டு ஒப்பந்தமே, அதாவது மேலே சொன்ன இரண்டு பத்திப் பக்கமே, பொருந்தும். புது ஆண்டுக்கானது இன்னும் ஏறவில்லை என்றால் முந்தைய ஆண்டை வைத்துத் திட்டமிட்டு, ஏறியதும் ஒப்பிட வேண்டும். கையில் இருக்கும் பழைய பட்டியல் இப்போது இன்னும் எளிதாகத் தவறும். 2025 ஃபால், அதாவது இலையுதிர்ப் பருவம், முதல் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களுக்குப் பொது எண்முறை வரத் தொடங்கி, முதல் ஆங்கிலப் பாடம் 'இங்லிஷ் சி1000' என்று மாறியிருக்கிறது. பொதுப் பாடங்களுக்கான பட்டியலான ஐகெட்சியின் இடத்தில் கால்கெட்சி என்ற புதுப் பட்டியல் வந்ததும் அதே ஃபாலில்தான். ஒருவர் தரும் பட்டியலில் இன்னும் ஐகெட்சி என்று இருந்தால் எப்போது தயாரித்தது என்று கேளுங்கள்.

மேஜர் இன்னும் முடிவாகாத பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தளம் அதிகம் உதவும். மூன்று மேஜர், நான்கு வளாகம் எடுத்து ஒரு எக்செல் தாளில் போடுங்கள். வரிசைகளில் கம்யூனிட்டி காலேஜ் பாடங்கள், பத்திகளில் மேஜரும் வளாகமும். எந்தப் பாடத்துக்கு அதிக டிக் விழுகிறதோ அதை முதல் வருடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், கணிதம், எலெக்ட்ரிகல் மூன்றுக்கும் கால்குலஸ் பொது. எகனாமிக்ஸுக்கும் அது வேண்டும். ப்ரோகிராமிங்கில்தான் வளாகங்கள் பிரியும், ஒன்று கேட்கும் மொழியை இன்னொன்று கேட்காது.

அவகாசம் இரண்டு வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். யூசி விண்ணப்பம் இரண்டாம் வருட அக்டோபர், நவம்பரிலேயே போக வேண்டும். அப்போது மதிப்பெண்ணோடு காட்ட முடிவது முதல் வருடமும் கோடையும் மட்டும். ஆகவே மேஜரை முதல் வருடம் முடிவதற்குள் தீர்மானித்தாக வேண்டும். கணிதச் சங்கிலியையும் எண்ணிப் பாருங்கள். ஆண்டை செமஸ்டராகப் பிரிக்காமல், கோடை நீங்கலாக மூன்று குவார்ட்டராகப் பிரிக்கும் டி ஆன்சா, ஃபுட்ஹில் போன்ற கல்லூரிகளில் கால்குலஸ் நான்கு குவார்ட்டர், பிறகு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் அல்ஜிப்ரா. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் கோடை நீங்கலாக இருக்கும் ஆறு குவார்ட்டரும் அதற்கே சரியாய்ப் போய்விடும். பியூசியில் பிசிஎம்சி, அதாவது இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர் படித்தவர் நேரே கால்குலஸில் தொடங்கலாம். ஹெபா என்ற காமர்ஸ் குரூப்பில் கணக்கே படிக்காதவர் ப்ரீகால்குலஸில் தொடங்கினால் கோடை வகுப்பு இல்லாமல் முடியாது.

யூனிட் கணக்கு இன்னொரு பொறி. எஃப்-1 மாணவர் விசாவுக்கு ஒரு பருவத்துக்கு 12 யூனிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) போதும். யூசியில் மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட், குவார்ட்டரில் 90 வேண்டும். 12 வீதம் நான்கு செமஸ்டர் எடுத்தால் 48, ஆறு குவார்ட்டர் எடுத்தால் 72. இரண்டுமே எட்டாது. 15 எடுங்கள், அல்லது கோடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவருக்குக் குறைந்தபட்ச ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், 2.8. அது விண்ணப்பிக்கத் தகுதி மட்டுமே, இடம் கிடைப்பதற்கான அளவுகோல் வேறு.

அசிஸ்டின் பெரிய குறை அங்கேதான். பாடம் செல்லுமா என்பதைத் துல்லியமாகச் சொல்லும், இடம் கிடைக்குமா என்பதைச் சொல்லாது. அதற்கு யூசியின் இன்ஃபர்மேஷன் சென்டரில் 'ட்ரான்ஸ்ஃபர்ஸ் பை மேஜர்' பக்கத்தைத் தனியாகத் திறக்க வேண்டும். ஒவ்வொரு வளாகத்திலும் ஒவ்வொரு மேஜருக்கும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம், அவர்களின் ஜிபிஏ வீச்சு என்ன என்பது அங்கே இருக்கிறது. டேக் என்ற உத்தரவாதச் சேர்க்கையும் அசிஸ்டில் தெரியாது. அது டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் என்ற ஆறு வளாகங்களுக்கு மட்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இல்லை. செப்டம்பர் மாதம் முழுக்க அவகாசம், ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், யூசியின் டாப் என்ற ஆன்லைன் திட்டமிடல் பக்கம் வழியாக. எல்லா மேஜருக்கும் டேக் கிடையாது. சாண்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரி அதில் சேராது. யூஎஸ்சி என்ற தனியார் பல்கலைக்கழகமும் வெளி மாநிலங்களும் அசிஸ்டில் கிடையாது.

மேஜரின் பெயரை வைத்து மயங்கவும் கூடாது. படித்தபின் வேலை பார்க்க 12 மாத ஓபிடி என்ற அனுமதி எல்லோருக்கும் உண்டு. கூடுதல் 24 மாதம் ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் பட்டத்துக்கு மட்டும். அதை முடிவு செய்வது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 தாளில் வரும் சிஐபி என்ற பாடத்துறை எண். சாதாரண எகனாமிக்ஸ் 45.0601, இது ஸ்டெம் இல்லை. எகனாமெட்ரிக்ஸ் வகை 45.0603, இது ஸ்டெம். ஒரே துறை, ஒரே கட்டடம், வேலை அனுமதியில் இரண்டு வருட வித்தியாசம். அசிஸ்டில் சிஐபி எண் தெரியாது. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

எக்செல் தாளைத் தயாரித்தபின் கம்யூனிட்டி காலேஜ் கவுன்சிலரிடம் ஜூமில் காட்டுங்கள். அங்கே காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. இதற்குமேல் பணம் கொடுத்து ஆலோசகர் வேண்டுமென்றால், விசா ஆவணங்களுக்கும் விண்ணப்பக் கட்டுரையைத் திருத்தித் தரவும் மட்டும் வையுங்கள். பாடத் திட்டத்தையும் அவரே தருவதாகச் சொன்னால், எந்தக் கல்வியாண்டின் ஒப்பந்தம், எந்த வளாகத்துக்கு எந்த மேஜர் என்று குறித்த அசிஸ்ட் பிடிஎஃபைக் கேட்டு வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.