என்பிடெல் முதுநிலைப் பாடங்கள்: ஒரு கணித ஆசிரியையின் மதிப்பீடு

கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பிக்கிறேன். முதுநிலைப் பட்டம் பெற்றுப் பதினொரு ஆண்டுகள் ஆன பிறகு, என் பாட அட்டவணையில் கணிதத்தோடு பைத்தான் என்ற கணினி மொழியில் நிரலாக்கமும் சுற்றுச்சூழல் கல்வியும் சேர்ந்தே வந்தன. முன்னது புதிய பாடத்திட்டத்தால் வந்தது. பின்னது, அந்தப் பருவத்தில் எனக்கு வகுப்பு நேரம் குறைவாக இருந்ததால் வந்தது. சுற்றுச்சூழல் கல்வியை யார் தலையில் கட்டுவது என்பதைப் பெரும்பாலும் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு மறுபடியும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க வழியில்லாத நிலையில் நான், இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லை நாடினேன். மூன்று ஆண்டுகளில் நான்கு துறைப் பாடங்களை அதன் வழியாகப் படித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு ஐஐடிகளும் பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் 2003இல் தொடங்கிய திட்டம் இது. தொடக்கத்தில் பேராசிரியர்களின் வகுப்புகளைக் காணொளியாகப் பதிவு செய்து இலவசமாக வெளியிடுவது மட்டுமே அதன் வேலையாக இருந்தது. 2014 முதல் 4, 8, 12 வாரப் பாடங்களாக, வாராந்தர ஒப்படைப்புகளோடும் நேரில் சென்று எழுதும் தேர்வோடும் சான்றிதழ் வழங்கத் தொடங்கினார்கள். இப்போது ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு பருவங்கள் நடக்கின்றன. பாடத்தில் சேர்வதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை. தேர்வு எழுத விரும்புவோர் மட்டும் பணம் கட்ட வேண்டும். நான் எழுதிய பருவங்களில் அது பாடத்துக்கு 1,000 ரூபாய்.

நான் முதலில் பார்த்தது தேர்வோ சான்றிதழோ இல்லாத ஒரு பழைய காணொளித் தொடர். சென்னை ஐஐடியின் வி. பாலகிருஷ்ணன் நடத்திய குவாண்டம் இயற்பியல் வகுப்புகள் அவை. கணிதம் படித்தவளுக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்கலாம். முதுநிலையில் நான் சார்புப் பகுப்பாய்வு படித்தபோது ஹில்பர்ட் வெளி என்பது (சார்புகளையும் திசையன்களைப் போல நீளம், கோணம் அளந்து கையாள உதவும் வெளி) ஒரு வரையறையாக மட்டும் வந்தது. முதல் நாள் வரையறை, இரண்டாம் நாள் தேற்றம், மூன்றாம் நாள் நிறுவல் என்று ஓடி, தேர்வில் அதை அப்படியே எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஒரு சார்பின் வர்க்கத்தைத் தொகையிட்டால் முடிவுறு எண் வர வேண்டும் என்ற நிபந்தனையை ஏன் விதித்தார்கள் என்று அப்போது நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இந்த வகுப்புகளில் அதற்கான காரணம் தானாக வந்து விழுந்தது. ஒரு துகள் எங்காவது ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும்; ஆகவே எல்லா இடங்களுக்கும் உரிய நிகழ்தகவுகளைக் கூட்டினால் 1 வர வேண்டும்; துகளின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பினுடைய மட்டு மதிப்பின் வர்க்கம்தான் அந்த நிகழ்தகவின் அடர்த்தி என்றால், தொகையீடு முடிவிலிக்குப் போகிற சார்புகளுக்கு அங்கே இடமில்லை. இவ்வளவுதான். அன்று இரவு என் பழைய முதுநிலைக் குறிப்பேட்டை எடுத்து, அந்த வரையறைக்குப் பக்கத்தில் பென்சிலால் இதை எழுதி வைத்தேன்.

அவர் கற்பிக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். படவில்லைகள் (ஸ்லைடுகள்) கிடையாது, கையில் தாள் கிடையாது, கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டும். ஒரு சமன்பாடு பலகையில் உருவாகும் வேகத்தில்தான் நம் கையும் குறிப்பேட்டில் நகர்கிறது. அடுத்த வரியை ஊகிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது, ஊகம் தவறினால் எங்கே தவறியது என்பதும் தெரிகிறது. அண்மைக்காலப் பாடங்கள் பலவற்றில் படவில்லை முழுதாக வந்து நின்றுவிடுகிறது. பேராசிரியர் அதை வாசித்து விளக்குகிறார், நாம் படம் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிறோம். ஒளிப்பதிவு அப்போதையதைவிட இப்போது எவ்வளவோ மேல். ஆனாலும் மங்கலான அந்தக் கரும்பலகையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

கணினிப் பக்கத்தில் நான் முறைப்படி பதிந்து படித்தது, சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழி நிரலாக்கம், தரவுக் கட்டமைப்புகள், வழிமுறைகள் என்ற எட்டு வாரப் பாடம். பெயரைப் பார்த்து இது தொடக்கநிலைப் பாடம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் வாரமே அவர் எடுத்துக்கொள்வது, நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் படிக்கிற மீப்பெரு பொது வகுத்தியைத்தான். இரண்டு எண்களுக்கும் காரணிகளைப் பட்டியலிடு, பொதுவானவற்றை எடு, அவற்றுள் பெரியதைச் சொல் என்று பள்ளி முறையை அப்படியே நிரலாக எழுதுகிறார். பிறகு பட்டியல் தேவையில்லை என்கிறார்; அடுத்து, இரண்டில் சிறிய எண்ணிலிருந்து கீழ்நோக்கி வந்தால் முதலில் அகப்படுவதே விடை என்கிறார்; கடைசியில் யூக்ளிடிடம் வந்து சேர்கிறார். நான் 84, 30 என்ற எண்களை வைத்துப் பார்த்தேன். 84ஐ 30ஆல் வகுத்தால் மீதி 24, 30ஐ 24ஆல் வகுத்தால் மீதி 6, 24ஐ 6ஆல் வகுத்தால் மீதி இல்லை. மூன்று வகுத்தல்களில் விடை 6 என்று வந்துவிட்டது.

சிறிய எண்களில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. பத்து இலக்க எண்கள் இரண்டைக் கொடுத்தால், ஒவ்வொரு எண்ணாகச் சோதிக்கும் முறை 1,000 கோடிச் சோதனைகள் வரைக்கும் போகக்கூடும். யூக்ளிடின் முறையிலோ சிறிய எண்ணின் இலக்கங்களைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல்கள் தேவைப்படாது என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கேப்ரியல் லாமே 1844இலேயே நிறுவியிருக்கிறார். அதாவது ஐம்பதுக்குள் வேலை முடிந்துவிடும். பாடத்தை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு நிரல்களையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். யூக்ளிடின் முறைக்கு நான் விசையை அழுத்திய கணமே விடை வந்தது. முதல் முறை ஓடிக்கொண்டே இருந்ததால் அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன், திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு வழிமுறை ‘சரியானது’ என்பதற்கும் ‘பயன்படக்கூடியது’ என்பதற்கும் உள்ள தூரத்தை இப்போது என் வகுப்பிலும் இப்படித்தான் காட்டுகிறேன்.

கோட்பாட்டுக் கணினியியலை எட்டிப் பார்க்க விரும்பும் கணித மாணவர்களுக்குக் கமலா கிருதிவாசனின் தானியங்கிக் கோட்பாட்டு (கணிக்கும் இயந்திரங்களின் கணித மாதிரிகளை ஆராயும் துறை) வகுப்புகளைச் சொல்வேன். நிறுத்தி நிதானமாகச் செல்பவை. தூக்கம் வரும் நேரத்தில் பார்க்கக் கூடாது.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன், என் தயக்கமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. வாராந்தர ஒப்படைப்புகளில் சிறந்தவற்றின் சராசரிக்கு 25 மதிப்பெண். பன்னிரண்டு வாரப் பாடமானால் சிறந்த எட்டும், எட்டு வாரப் பாடமானால் சிறந்த ஆறும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மீதி 75 இறுதித் தேர்வுக்கு உரியது. ஒப்படைப்பில் 10, தேர்வில் 30 என இரண்டிலும் குறைந்தபட்சத்தைத் தாண்டினால் சான்றிதழ் உண்டு; மொத்தம் 60ஐ எட்டினால் எலீட் என்ற சிறப்புத் தரம், 75ஐ எட்டினால் அதோடு வெள்ளி, 90ஐ எட்டினால் தங்கம். கண்காணிப்போடு நடக்கும் தேர்வு என்பதால் ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை என்பதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பெரும்பாலான பாடங்களில் வினாக்கள் கொள்குறி வகையாகவோ ஓர் எண்ணை விடையாகக் கேட்பவையாகவோதான் அமைகின்றன. நிரல் எழுதி அனுப்ப வேண்டிய பைத்தான் பாடத்தைப் போன்றவை இதற்கு விலக்கு. முதுநிலைக் கணிதத்தில் ஒரு நிறுவலை எழுதத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்கு அது தெரிகிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது? பல்லாயிரம் பேரின் விடைத்தாளைக் கையால் திருத்த முடியாது என்ற நடைமுறை எனக்கும் புரிகிறது. ஆகவே இதைத் திட்டத்தின் குற்றமாகச் சொல்லவில்லை; சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்தறியாமல் பயன்படுத்துகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் பருவத்துக்கு ஒரு சான்றிதழாவது காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. இரண்டே வாரத்தில் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒப்படைப்பு விடைகள் ‘1-ஆ, 2-ஈ, 3-அ’ என்று வரிசையாக வரத் தொடங்கின. ஒரு மாணவி என்னிடம் காட்டிய அந்தப் பட்டியலில் மூன்றாவது விடை தவறு. வகுப்பு முழுவதும் அதே தவற்றைச் செய்திருந்தது. காணொளியைத் திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். நான்கு கைகள் உயர்ந்தன, அவற்றுள் ஒன்று பாதிதான் உயர்ந்தது. 2021ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளின்படி ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை, மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படித்துக் கற்றல் மதிப்பீட்டுப் புள்ளிகளை (கிரெடிட்) மாற்றிக்கொள்ளலாம். என்பிடெல் பாடங்களும் அந்தத் தளத்தின் வழியாகவே வருகின்றன. தன் ஊரில் ஆசிரியரே கிடைக்காத விருப்பப் பாடத்தை ஒரு மாணவர் படிக்க இது நல்ல வழி. நிர்வாகம் காலிப் பணியிடத்தை நிரப்பாமலிருக்கவும் இதே விதி கைகொடுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுற்றுச்சூழல் பாடங்களைப் பற்றி அவ்வளவு உற்சாகமாக எழுத முடியவில்லை. இந்தக் கல்வி நம் கல்லூரிகளுக்குள் வந்ததற்குப் பின்னால் சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் பிறப்பித்த ஆணை இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அது உணவுச் சங்கிலியை வரைந்து முடிக்கும் பாடமாகச் சுருங்கிவிட்டது. என்பிடெல்லில் நீர், காற்று மாசு, தொலையுணர்தல் ஆகியவற்றைப் பற்றிக் கிடைக்கும் பாடங்கள் அதைவிட எவ்வளவோ ஆழமானவை, எண்களோடு பேசுபவை. இருந்தாலும் திரைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறையைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். வேதிச் சமன்பாடுகள் எல்லாம் புரிந்துவிட்டன. பிறகு எங்கள் வேதியியல் துறை நண்பரோடு ஊர்க் குளத்துக்குப் போய், 300 மில்லி குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நீரை முகக்க முயன்றேன். ஐந்து முறை தோற்றேன். மூடியைச் சாய்த்து விடுவதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. குமிழி ஒன்று சிக்கினாலும் அதிலுள்ள ஆக்சிஜனும் கணக்கில் சேர்ந்து அளவு பொய்யாகிவிடும். ஆறாவது முறை சரியாக அமைந்தது. மாங்கனஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் சேர்த்தவுடன் குப்பிக்குள் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு திரண்டது. ஆக்சிஜனே இல்லாத நீராயிருந்தால் அது வெள்ளையாகவே நின்றிருக்கும். கந்தக அமிலத்தில் அது கரைந்து மஞ்சளானதும், பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டை விட்டு, மஞ்சள் வெளிறிய பிறகு ஸ்டார்ச்சு சேர்த்து நீலமாக்கி, மேலும் சொட்டுச் சொட்டாக விட்டு, அந்த நீலம் சட்டென்று மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். நான் இரண்டு சொட்டு அதிகமாக விட்டுவிட்டேன். காணொளியில் இந்த இரண்டு சொட்டுகளுக்கு இடமே இல்லை.

முதுநிலைப் படிப்புகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு உருவாக்கிய இ-பிஜி பாடசாலை என்ற இணையப் பாடத் தொகுப்பையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே ஒவ்வோர் அலகுக்கும் எழுத்துப் பாடம், காணொளி, தன்மதிப்பீடு, மேல்வாசிப்பு என்று நான்கு பகுதிகள் உண்டு. தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் போன்ற துறைகளின் பாடத்திட்டத்தோடு ஒத்துப்போவது அதுதான். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புரட்டிப் பார்க்க ஏற்றது. என்பிடெல் அதற்கு உதவாது. அது பொறியியல் கல்வி நிறுவனங்களின் வீட்டுப்பிள்ளை. நம் பல்கலைக்கழக வினாத்தாளை அறியாது. முப்பது, நாற்பது மணி நேரம் பொறுமையாக உட்காருபவருக்குத்தான் அது பலன் தரும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். பேராசிரியர்களின் உரை ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுப் பதிவிறக்கக் கிடைக்கிறது. தமிழ் வழியில் இளநிலை முடித்து முதுநிலைக்கு வரும் என் மாணவர்களுக்கு நான் சொல்லும் முறை இது: முதலில் காணொளியை ஒலியில்லாமல் பார்த்துப் பலகையில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள், அடுத்து எழுத்து வடிவத்தை வாசியுங்கள், மூன்றாவதாக ஒலியோடு பாருங்கள். சமன்பாட்டுக்கு மொழி தேவையில்லை என்பதால் முதல் சுற்றிலேயே பாதி விளங்கிவிடுகிறது. இணையத் தரவு குறைவாக உள்ளவர்கள் காணொளியைக் குறைந்த தெளிவில் இறக்கி வைத்துக்கொண்டாலும் கரும்பலகை வகுப்புகளில் இழப்பு அதிகமில்லை.

ஐந்துக்கு எத்தனை விண்மீன் என்று கேட்டால், வகுப்புகளுக்கு நாலரை, தேர்வு முறைக்கு இரண்டரை, சுற்றுச்சூழல் பாடங்களுக்கு மூன்று. குப்பியோடு குளத்துக்குப் போகிறவர் கடைசியதை நான்காக்கிக்கொள்ளலாம். வரும் ஜூலைப் பருவத்துக்குச் சென்னை ஐஐடியின் பாலராமன் ரவீந்திரன் நடத்தும் இயந்திரக் கற்றல் பாடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். நேரியல் இயற்கணிதத்தை மறுபடி ஒருமுறை துலக்கிக்கொண்டுதான் அதற்குள் நுழைய வேண்டும். 200 பக்க நோட்டு இரண்டு வாங்கியாயிற்று. தேர்வுக்குப் பணம் கட்டுவதா என்பதை தேர்வுப் பதிவு முடிவதற்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.