தகரக் கூரைக்குக் கீழே ஒன்பது வருடம்: என் சீலிங் ஃபேன்

போன கிழமை கப்பாசிற்றர் மாற்றினேன். அதைப் பார்த்துவிட்டு, ஆரையம்பதியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மச்சான் கேட்டான்: "இதே ஃபேனை நானும் வாங்கட்டா?" 56 அங்குலம், மூன்று இறக்கை, எல்லாரும் அறிந்த சாதாரணச் சாமான்தான். மோட்டார் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை, சத்தமும் இல்லை. என் கோபம் வேறு.

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே சீலிங் அடிக்கவில்லை. கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் ஆனி, ஆடியில் மத்தியானம் கதிரையில் இருந்தால் முழங்காலடி பரவாயில்லை, வெக்கை முழுக்கத் தலைக்கு மேலேதான். சூடான காற்று பாரம் குறைவு. தகரத்தை ஒட்டிப் பேசாமல் கிடக்கும். சுவிட்சைப் போட்டதும் இந்த ஃபேன் அதை வாரி என் தலையில் கொட்டுகிறது. ஒன்பது வருடமாக இதே கதை.

ஒருநாள் லைற்றை அணைத்து, நுளம்புத்திரி கொளுத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தேன். (பௌதிகவியல் படிப்பிக்கிறவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?) ஃபேன் நின்றால் புகை நூலாக ஏறி, கொஞ்சம் மேலே போய் நெளிந்து உடைகிறது. சுற்றத் தொடங்கினால் நூலே இல்லை. ரொட்டிக்கடையில் மாவை வீசி மடிப்பதுபோல், காற்றின் கொந்தளிப்பு புகையை இழுத்துத் தகடாக்கி, மடித்து, மறுபடி இழுக்கிறது. தகடு மெலிய மெலிய, மிச்சக் கலக்கல் வேலையைக் காற்றின் மூலக்கூறுகளே முடித்துவிடும். அப்போது வெப்பமும் புகையைப் போல வெறும் பயணிதான். காற்று கொண்டுபோன இடத்துக்குப் போகும். அசையாத காற்றில், கடத்தலால் மட்டும் வெப்பம் 3 மீற்றர் பரவ நாலைந்து நாள் என்று கணக்கு வருகிறது. ஃபேனாருக்குச் சில நிமிடம் போதும்!

அதுவும் சீராகக் கலக்கிறதா? இல்லை. இதமாக இருக்கும்போதே முகத்தில் ஒரு வெக்கை அடி. கொந்தளிப்பை ஆராய்ந்த ஒபுகோவ் 1949இலும் கோர்சின் 1951இலும் எழுதியபடி, வெப்ப வித்தியாசம் பெரிய காற்றுச் சுழியிலிருந்து சின்னச் சுழிக்கு இறங்கி இறங்கிக் கரைய வேண்டும். கரைகிறதுதான். ஆனால் மெல்லிய கம்பி உணரி வைத்துக் காற்றின் வெப்பநிலையை அளந்தவர்கள் கண்டது வாள்பல் மாதிரி ஒரு கோடு: வெப்பநிலை மெல்ல மெல்ல மாறி, பொசுக்கென்று ஒரு தாவல். அந்தப் பல் என் கன்னத்தில்தான் படுகிறது.

நியாயமாகச் சொன்னால், ஃபேன் காற்றைக் குளிராக்காது. வியர்வையைக் காயவைத்துத்தான் நமக்குக் குளிர்ச்சி. அதை நன்றாகவே செய்கிறது. இரவு பத்துக்குப் பிறகு தகரம் ஆறிவிடும். அதே ஃபேன் அதே வேலையைச் செய்ய, விடியப்புறம் போர்வை தேடுகிறேன். இந்த விலைக்கு இதைவிட நல்லதொன்றை நான் பார்க்கவில்லை.

சரி, மச்சானுக்குப் பதில்: வாங்காதே. அந்தக் காசைச் சீலிங் அடிக்கப் போடு. இதை மத்தியானம் இரண்டு மணிக்கு எழுதுகிறேன். இரவு கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.