மைவிக்கு வீட்டிலேயே ஹெட்லைட் மாற்றினேன்: 28 மாதம் ஓட்டிய பிறகு

என் காடி, அதாவது கார், 2009 பெரோடுவா மைவி, 1.3. வீடு பிறையில், வேலை பாயான் லெப்பாஸில், மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். பினாங்குப் பாலத்தை இருட்டில் கடக்காத வாரமே கிடையாது. இருந்தும் ஹெட்லைட் மங்கிப்போனது எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. பாலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை விளக்குக் கம்பம், இறங்கினால் ஃபேக்டரி வாசல்வரை தெருவிளக்கு. நம் காடியின் விளக்குக்கு அங்கே வேலையே இல்லை.

தெரியவந்தது மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில். சுங்கை பாக்காப் பக்கம் பெரிய ரோட்டை விட்டுத் திரும்பி, செம்பனைத் தோட்டத்துக்குள் 3 கிலோமீட்டர் போகவேண்டும். கம்பமும் இல்லை, கோடும் இல்லை. தீபாவளிக்கு முதல்நாள் இரவு, லேசான தூறல்.

“என்னங்க, லைட்டு போடலையா?” என்றார் மனைவி.

“போட்டுத்தான் இருக்கு.”

அதற்குப் பிறகு வீடு போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போனோம். இறங்கி முன்னால் நின்று பார்த்தால், கண்ணாடி என்று சொல்ல முடியாத மஞ்சள். நாள்பட்ட தேநீர்க் கறை மாதிரி.

அது கண்ணாடியும் இல்லை, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது என்பதால் மேலே ஒரு கெட்டிப் பூச்சு பூசித்தான் ஃபேக்டரியில் அனுப்புகிறார்கள். நம் ஊர் வெயிலில் அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக உரிந்ததும் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் மஞ்சளாகி, நுண்ணிய வெடிப்பும் விடுகிறது. எல்லாரும் சொல்கிற வைத்தியத்தை நானும் செய்தேன். பற்பசை போட்டுத் தேய்த்தேன், இரண்டு வாரம் பளிச்சென்று இருந்தது. பிறகு 800, 1500, 2000 என்று வரிசையாக மணல்தாள், தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்து, கடைசியில் பாலிஷ். கை வீங்கியது. நாலு மாதத்தில் மஞ்சள் திரும்பி வந்துவிட்டது. மிச்சமிருந்த பழைய பூச்சையும் நானே சுரண்டி எடுத்துவிட்டு, மேலே வேறு பூச்சு கொடுக்காமல் விட்டது என் தப்பு. உள்ளே இருக்கிற ரிஃப்ளெக்டரும் பல்புக்கு மேலே கருகியிருந்தது. அதை எந்த மணல்தாளும் திருப்பித் தராது. அதனால்தான் செட்டோடு மாற்ற முடிவு செய்தேன்.

ஒரிஜினல் விலையைக் கேட்டுவிட்டுக் கடைக்காரருக்கு நன்றி சொல்லி வந்துவிட்டேன். பழைய காடிகளை வெட்டிச் சாமான் விற்கும் பொத்தோங் கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் என்னுடையதைவிட மோசமான மஞ்சள். கடைசியில் தைவான் சாமான் என்று சொல்லி விற்ற, ஒரிஜினலைப் பார்த்துச் செய்த காப்பி செட்டை வாங்கினேன். இரண்டு பக்கமும் சேர்த்து 260 வெள்ளி (ரிங்கிட்). வொர்க்‌ஷாப்பில் மாட்டுக்கூலி 80 கேட்டார்கள். 80 வெள்ளிக்காக இல்லை, ஒருமுறை நாமே பிரித்துப் பார்த்துவிடலாம் என்கிற ஆசைதான்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம். வேலையிடத்தில் ஒருவர் தன் காடிக்கு வெளிநாட்டிலிருந்து விளக்கு வரவழைத்தார். அச்சு அசலாகப் பொருந்தியது, ஆனால் எதிரே வருகிறவர்களெல்லாம் அவருக்கு ஹை பீம் அடித்துக் காட்டினார்கள். நாம் ரோட்டின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் தாழ்விளக்கின் (லோ பீம்) வெளிச்சம் இடப்பக்க ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும், வலப்பக்கம் எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் தாழ்ந்தே இருக்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கில் இது அப்படியே தலைகீழ். ஐரோப்பிய முத்திரை உள்ள விளக்கு என்றால் லென்ஸில் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் பக்கத்தில் சின்ன எண்களும் இருக்கும். அங்கே, விளக்குக்கு எதிரே நிற்கும் நமக்கு வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது நம் ஊருக்கானது. அம்பே இல்லாவிட்டால் அது வலப்பக்கம் ஓட்டுகிறவர்களுக்கானது. விளக்கு வரவழைத்தவர் அந்த செட்டைத் திருப்பி அனுப்பவும் முடியாமல் இன்னும் ஸ்டோரில் வைத்திருக்கிறார்.

மாட்டிய கதைக்கு வருவோம். ஞாயிறு காலை, மச்சான் பசியாறிவிட்டு வந்து சேர 9 மணி. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்தோம். பானெட்டைத் திறந்து பார்த்தால் விளக்கின் மேல் போல்ட் கண்ணுக்குத் தெரியும், 10ஆம் நம்பர் சாக்கெட் போதும். அதைப் பார்த்துத்தான் அரைமணி நேர வேலை என்று நினைத்தேன். பக்கவாட்டில் இருக்கிற போல்ட் பம்பருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. பம்பர் இறங்காமல் அதைத் தொட முடியாது. பம்பர் என்றால் மேலே கிளிப், அடியில் கிளிப், இரண்டு டயர் வளைவிலும் திருகு, ஓரத்தில் கொக்கி.

“மச்சான், இழுக்காதீங்க, இன்னொரு கிளிப் இருக்கு!”

அவர் கத்துவதற்குள் நான் இழுத்துவிட்டேன். அன்றைக்கு உடைந்த கிளிப் 4. பதின்மூன்று வருஷம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், தொட்டாலே அப்பளம். ஒரு பாக்கெட் கிளிப் 10 வெள்ளிக்குள்தான் வரும், முதலிலேயே வாங்கி வைத்திருக்கவேண்டும். நாங்கள் அந்த மத்தியானம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட் கடை கடையாக அலைந்தோம், ஞாயிற்றுக்கிழமை, பாதிக் கடை மூடியிருந்தது. இன்னொன்று: பம்பரை ஒருவர் கழற்றிவிடலாம், ஒருவராக மாட்ட முடியாது. ஒரு பக்கக் கொக்கி உட்காரும்போது மறுபக்கம் தொங்கி, ஃபெண்டர் பெயின்ட்டைக் கீறிவிடும். தரையில் பழைய போர்வை விரித்து வைத்திருந்ததால் பம்பர் பிழைத்தது.

விளக்கை மாட்டுவது அதற்குப் பிறகு பத்து நிமிஷ வேலைதான். பழையதிலிருந்து பார்க்கிங் பல்பு, சிக்னல் பல்பு ஹோல்டரோடு புதியதற்கு மாறும். ஹெட்லைட் பல்பு எச்4. ஒரே பல்புக்குள் இரண்டு இழை, தாழ்வுக்கு 55 வாட், உயர்வுக்கு 60. பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி ஆயுள் குறையும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட வேண்டும். எல்.ஈ.டி. பல்பு போடச் சொல்லி மச்சான் வற்புறுத்தினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ரிஃப்ளெக்டர் ஹாலஜன் இழை நிற்கிற இடத்தைக் கணக்குப்போட்டு வளைத்தது. எல்.ஈ.டி. சில்லு அந்த இடத்தில் அந்த வடிவத்தில் இருக்காது. ரோட்டில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருகிற லோரிக்காரர் முகத்தில் விழும். ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, ரோட் பிளாக்கில் நிறுத்தினால் அது தனிக் கதை.

காப்பி சாமான் என்பது பானெட்டை மூடியதும் தெரிந்தது. வலப்பக்கம் சரியாக உட்கார்ந்தது. இடப்பக்கம் பானெட்டுக்கும் விளக்குக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி போகிற இடைவெளி. மேல் போல்ட்டுக்கு அடியில் ஒரு வாஷர் வைத்துப் பார்த்தேன், பாதி குறைந்தது. மீதி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. என்னைத் தவிர யாரும் அதைக் கண்டுபிடித்ததில்லை.

இனிமேல்தான் முக்கியமான பகுதி. புது விளக்கு எப்போதும் சரியான கோணத்தில் வராது. எங்கள் தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயாவுக்கு, அதாவது பொது மண்டபத்துக்கு, பின்னால் சமதளமான சிமெண்ட் தரையும் வெள்ளைச் சுவரும் உண்டு. முதலில் சுவரை ஒட்டி நிறுத்தி, விளக்கின் நடுப்பகுதி நேராக எங்கே விழுகிறதோ அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பிறகு 5 மீட்டர் பின்னால் வந்து, வெளிச்சத்தின் மேல்விளிம்பு டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழுகிற மாதிரி திருகினேன். நூற்றுக்கு ஒன்று என்கிற கணக்கு, 10 மீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர். விளக்கின் பின்னால் பல்சக்கரம் மாதிரி ஒரு திருகு, ஸ்டார் ஸ்குரூட்ரைவர் நுனியால் திருப்பலாம்.

இவ்வளவு ஒழுங்காகச் செய்தவன் காடியின் பின்னால் சாமான் வைக்கிற டிக்கியைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே இரண்டு அரிசி மூட்டை, மகனின் சைக்கிள், கோவிலுக்குக் கொடுக்க வைத்திருந்த ஒரு டின் எண்ணெய். பின்பாரத்தில் மூக்கு தூக்கி நின்ற காடிக்கு நான் கோணம் சரிபார்த்திருக்கிறேன். சாமான் எல்லாம் இறங்கியதும் மூக்கு இறங்கியது, வெளிச்சமும் இறங்கியது. புது விளக்கு போட்டும் ரோடு முன் டயருக்கு அடுத்தே முடிந்துபோகிறதே என்று ஒரு மாதம் காப்பி சாமானைத் திட்டிக்கொண்டிருந்தேன். டிக்கியைக் காலி செய்து, டயருக்குக் காற்று பார்த்து, டிரைவர் சீட்டில் மச்சானை உட்காரவைத்து மறுபடி அளந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அன்றிரவே தோட்டத்து ரோட்டில் போய்ப் பார்த்தோம். வளைவுக்கு அப்பால் படுத்திருந்த மாட்டின் கண் இரண்டு பச்சைப் புள்ளியாக மின்னியது. பிரேக்கில் கால் வைக்க நிறைய நேரம் இருந்தது.

முதல் மழைக்காலம் வந்தது. அக்டோபரில் ஒரு காலை, இட விளக்குக்குள் ஆவி. மெல்லிய பனி படர்ந்து, ஓட்டினால் அரைமணியில் மறைந்தால் கவலைப்பட வேண்டாம். விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து, பின்னால் இருக்கிற மூச்சுக்குழாய் என்கிற சின்ன ரப்பர் குழாய் வழியாக வெளியே போகும். மழை பட்டுக் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். நல்ல விளக்கும் இப்படித்தான் மூச்சு விடுகிறது. என்னுடையது அப்படி இல்லை, அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் குளுக்குளுக்கென்று ஆடியது. விற்ற கடையில் கேட்டேன், பின்னால் எல்லா ஓட்டையையும் சிலிகான் வைத்து அடைக்கச் சொன்னார்கள். அடைத்தேன். மூச்சுக்குழாயையும் சேர்த்து. உள்ளே போயிருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல், ஒரு வாரத்தில் உள்ளே மீன்தொட்டி ஆகிவிட்டது.

மறுபடி கழற்றி, சிலிகானை எல்லாம் நகத்தால் உரித்தெடுத்தபோதுதான் காரணம் கிடைத்தது. பல்புக்குப் பின்னால் மாட்டுகிற ரப்பர் மூடியில் ‘டாப்’ என்று அச்சடித்திருக்கும், அது மேலே வரவேண்டும். மேலேதான் இருந்தது. ஆனால் அடியில் ரப்பரின் உதடு ஓர் அங்குல நீளத்துக்கு உள்பக்கமாக மடிந்து கிடந்தது. மாட்டிய அன்று கண்ணுக்குத் தெரியாத இடம், விரலால் சுற்றித் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஹேர் டிரையரால் உள்ளே உலர்த்தி, உதட்டைச் சரியாக விரித்து மாட்டினேன். புது விளக்கோடு வந்த மூச்சுக்குழாய் ரப்பர் கல் மாதிரி இருந்ததால், ஸ்டோரில் கிடந்த பழைய ஒரிஜினல் விளக்கிலிருந்து அதைப் பிடுங்கி இதில் செருகினேன். பழைய விளக்கை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த மழைக்காலத்தில் இரண்டு தடவை மெல்லிய பனி, அவ்வளவுதான். தண்ணீர் தேங்கவே இல்லை.

இப்போது 28 மாதம், 40,000 கிலோமீட்டருக்கு மேல். 20ஆவது மாதத்தில் வலப்பக்கத் தாழ்விளக்கு இழை அறுந்தது. இரண்டு பக்கமும் பல்பு மாற்றினேன், பம்பரைத் தொட வேண்டியதில்லை. ரிஃப்ளெக்டரில் இதுவரை கருப்பு இல்லை. உள்பக்கத்து கறுப்பு அலங்காரச் சட்டம் மட்டும் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருக்கிறது.

லென்ஸ் விஷயத்தில்தான் வருத்தம். ஒரிஜினல் மஞ்சளாக ஏழெட்டு வருஷம் எடுத்துக்கொண்டது. இதில் வல விளக்கின் மேல் மூலையில் இப்போதே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மங்கல். இட விளக்கு சுத்தம். இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே நாளில் மாட்டியவை. எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. ரிவர்சில் போர்ச்சுக்குள் நுழைத்து மூக்கை ரோட்டுப் பக்கம் வைத்து நிறுத்துவது என் பழக்கம், காலையில் அப்படியே கிளம்பலாம். பின்னேர வெயில் நேராக முகத்தில் அடிக்கும். இட விளக்குக்குப் பக்கத்து வீட்டு மாமரத்து நிழல் உண்டு, வல விளக்குக்கு இல்லை.

அதனால் போன மாதத்திலிருந்து மூக்கை வீட்டுப் பக்கம் வைத்து நிறுத்துகிறேன். பகலில் மகனை ஸ்கூலுக்குக் கொண்டுபோகும் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. எதிர்வீட்டார் இரண்டு காடியை ரோட்டில் நிறுத்தியிருக்கும்போது யார் ரிவர்சில் வெளியே எடுப்பது என்கிறார், அதுவும் நியாயம்தான். நைட் ஷிப்ட் முடிந்து நான் நிறுத்துவது ஒரு விதம், ஸ்கூலுக்குப் போய்வந்து அவர் நிறுத்துவது இன்னொரு விதம். வல விளக்குக்கு வாரத்தில் பாதி நாள்தான் வெயில்.