இஎஸ்ஐ நோய்க்காலப் பணம்: புதுச்சேரித் தொழிலாளிக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உடம்பு முடியாத நேரத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தரும் நோய்க்காலப் பணம் நிஜமான துணை. சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், கூடுதல் நாட்களும் உண்டு. அதற்கு இரண்டு வருடத் தொடர் வேலை வேண்டும்.

ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது இஎஸ்ஐ சந்தா (சம்பளத்தில் பிடிக்கும் காப்பீட்டுப் பணம்) கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரைதான் பலன் தரும். இது தெரியாமல்தான் புது ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. உடம்பு சரியில்லாத முதல் நாளே இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

"அரை நாள் வந்து லோடு மட்டும் ஏத்திட்டுப் போப்பா" என்று சூப்பர்வைசர் போன் செய்வார். போகவே போகாதீர்கள். வேலை செய்து கூலி வாங்கிய நாளுக்குப் பலன் கிடையாது, வருகைப்பதிவே காட்டிக்கொடுத்துவிடும். சான்றிதழைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்தத் தேதி வரை ஓய்வு என்று எழுத்திலேயே பதில் சொல்லுங்கள். பலன் வாங்கும் காலத்தில் ஆளை நீக்கக் கூடாது என்பது இஎஸ்ஐ விதி, மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். திரும்பும்போது வேலைக்குத் தகுதி என்ற கடைசிச் சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் கேட்டுக்குள் போக வேண்டும்.